உடற்பருமனும் உளத்திட்பமும்

உடல் மிகப் பருத்தல் நன்றன்று என்பதை அறியாதார் இந்நாளில் எவருமிலர். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், முழங்கால் வாதம் ஆகியவற்றிற்கும் அதற்குமுள்ள தொடர்பைப் பாடசாலைச் சிறுவரும் கூறுவர். உணவைக் குறைத்தலும் உடலை இயக்குதலுமே அதற்குரிய வழி என்பதும் யாவரும் அறிந்ததே. அறிந்து செய்வார் சிலர். செய்யத் தொடங்கி ஒரு திங்கள் கழியுமுன் கைவிடுவார் பலர். ஆகவே ஈண்டு ஆராயத்தக்கது அறிவின் குறையன்று; அறிவுக்கும் செயலுக்கும் இடையே கிடக்கும் வெளியேயாம். அவ்வெளியைக் கடத்தற்கு வேண்டும் உளத்திட்பம் யாது, அஃது எங்ஙனம் பிறக்கின்றது, ஏன் இடைவழியில் இற்றுப்போகின்றது என்னும் வினாக்களை, உடனூலாரும் உளநூலாரும் கண்டவற்றின் துணைகொண்டு நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை அழகு பற்றிய ஆராய்ச்சியென்று எவரேனும் எண்ணுவராயின் அது தவறாகும். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் நீரிழிவுடையர் என்று காட்டிற்று. நகர்ப்புறத்தில் அவ்வீதம் இன்னும் மிக்கிருந்தது. கிலோகிராமிற் கண்ட எடையை மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். ஆசிய மக்களுக்கு அச்சுட்டி 23ஐக் கடக்கும்போதே நோயிடர் மிகத் தொடங்குகிறதென்றும், 27.5ஐக் கடந்தால் இடர் மிகப் பெரிதென்றும் உலக சுகாதார நிறுவனத்து அறிஞர் குழு 2004இல் கூறிற்று. 165 சதமமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இவ்வெல்லைகள் முறையே 62½ கிலோகிராமும் 75 கிலோகிராமும் ஆகும். நம்முட் பலர் தம்மைப் பருத்தவரென எண்ணாத நிலையிலேயே முதலெல்லையைக் கடந்துவிட்டனர். இதனை எழுதுவோனின் தமையனார் 54ஆம் வயதில் நீரிழிவினால் வலக்காலின் கீழ்ப்பாகத்தை இழந்தவர். அவர் அறியாதவரல்லர், முப்பதாண்டு மருந்தாளராய்ப் பணியாற்றி, அந்நோய்க்குரிய குளிகைகளைத் தம் கையாலேயே பிறர்க்கு எண்ணிக் கொடுத்தவர். அறிவு மட்டும் காலைக் காவாது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

பருமனைக் குறைக்க முயன்று தம் அனுபவத்தை நூலாக்கியோருட் பெயர்பெற்றவர் இலண்டன் மாநகரத்து வில்லியம் பாண்டிங் என்பவர். அவர் அரச குடும்பத்தாரின் இறுதிச்சடங்குகளை ஒழுங்கு செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 5 அடி 5 அங்குல உயரமுடைய அவர் 1862ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் 202 இறாத்தல் எடையுடையராயிருந்தார். குனிந்து தம் சப்பாத்தின் வாரைக் கட்டல் அவர்க்கு இயலாதாயிற்று. முழங்காலுங் கணுக்காலும் நோகாவண்ணம் படிக்கட்டுகளிற் பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்கினார். பொதுவண்டிகளிலும் கூட்டங்களிலும் பிறர் நகைப்பதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. இவையனைத்தையும் அவரே 1863இல் வெளியிட்ட சிறு நூலில் ஒளியாது உரைத்துள்ளார்.

இம்மனிதரிடத்தே உளத்திட்பம் இல்லாதிருந்ததோ? பல்லாண்டு காலமாக அவர் முயலாத வழியில்லை. நீராவிக் குளியலுஞ் செய்தார். கடலோரப் பயணமும் போனார். வைத்தியர் ஒருவர் உடற்பயிற்சி செய்யுமாறு கூற, பாரமான படகொன்றை வாங்கி, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஆற்றிலே துடுப்பு வலித்தார். அதனால் தசை வலிமை மிக்கது, கூடவே பெரும் பசியும் மிக்கது, பசிக்கு ஈடாக உண்டார், எடை ஏறிற்று. ஈற்றிற் படகைக் கைவிடுமாறு அதே வைத்தியர் கூற நேர்ந்தது. விடியலில் எழுந்து நாடோறும் துடுப்பு வலிப்பவனைச் சோம்பனென்று யார் கூறுவர்? பின்னர், செவி மந்தமாயிருந்ததற்காக வில்லியம் ஆர்வி என்னும் செவிவைத்தியரிடம் அவர் சென்றார். பாரிசு நகரில் நீரிழிவு பற்றிய விரிவுரைகளைக் கேட்டிருந்த ஆர்வி, பாண், சீனி, பால், வெண்ணெய், பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு பணித்தார். ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தது. செவியுந் தெளிந்தது. பாண்டிங் 1878இல் தமது 81ஆம் வயதில் இறந்தார். அவர் பெயர் ஆங்கிலத்தில் உணவு குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் இன்றும் அச்சொல் வழங்குகின்றது. (அவருடைய உணவுப் பட்டியலில் இறைச்சியும் நாளொன்றுக்குப் பல கிண்ணம் திராட்சை மதுவும் இடம்பெற்றிருந்தமையால், நம்மவர் அதனை அப்படியே கைக்கொள்ள வேண்டுமென்று யான் கூறவில்லை.)

படகு வலித்த பாண்டிங்கும் பாணை விலக்கிய பாண்டிங்கும் ஒருவரே. அவருடைய மனவலிமை இடையில் வளர்ந்துவிடவில்லை. அதனைச் செலுத்திய இடமே மாறிற்று. முன்னர் அது பசியோடு நாள்முழுதும் மற்போர் புரிந்தது. பின்னரோ, இன்னது மேசைக்கு வரும், இன்னது வாராது என்னும் தெளிவான ஒழுங்கின்மேற் சென்றது. தம் எடையைத் திகதியிட்டு அட்டவணையாக அவர் எழுதி வந்தமையும் கருதத்தக்கது.

பசியோடு மற்போர் புரிதல் எத்துணைக் கொடிதென்பதை அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் நடத்திய ஆராய்ச்சி காட்டிற்று. போர் செய்ய மனச்சாட்சி இடந்தராத இளைஞர் 36 பேர், போரினாற் பட்டினி கிடக்கும் மக்களுக்கு உதவும் பொருட்டுத் தாமே முன்வந்து அதிற் சேர்ந்தனர். 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி உணவே அவர்க்கு அளிக்கப்பட்டது. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. அவர்களுடைய எடையில் நாலிலொரு பங்கு குறைந்தது. ஆயின் வியப்பானது எடைக் குறைவன்று. அவ்விளைஞர் நாள்முழுதும் உணவையே நினைந்தனர். உணவையே கனவிற் கண்டனர். சமையல் நூல்களைத் திரட்டி வாசித்தனர். வெகுளியும் சோர்வும் மிக்கவராயினர். தம் கொள்கைக்காக நாட்டின் பழியையும் ஏற்கத் துணிந்த மனிதர்களின் திட்பம் இவ்வாறாயிற்று. அவர்கள் பருத்தவரல்லர், மெலிந்து வருந்தியவர் என்பது மெய்யே; ஆயினும் நம்மூரிற் கடும் உணவுக் கட்டுப்பாடு மேற்கொள்வோர் பலர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் அளவும் ஏறக்குறைய இதுவேயாகும்.

இதன் காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சிகள் விளக்கின. 1994இல் நியூயோக் நகரத்து றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெவ்ரி பிறீட்மனும் துணைவரும் லெப்டின் என்னும் ஓமோனைக் கண்டனர். உடற்கொழுப்பு தன் சேமிப்பின் அளவை இவ்வோமோன் வழியாக மூளைக்கு அறிவிக்கின்றது. கொழுப்புக் குறையின் லெப்டினுங் குறையும். மூளை அதனைப் பஞ்சமெனக் கொண்டு பசியைத் தூண்டும். சத்திச் செலவைச் சுருக்கும். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் விரைந்து எடை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழிந்தபின் ஆராய்ந்த கெவின் ஹோல் என்பவரும் குழுவினரும் 2016இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் சராசரி 58 கிலோகிராம் குறைத்து, ஏறக்குறைய 41 கிலோகிராமைத் திரும்பப் பெற்றிருந்தனர். அதன் பின்னரும் அவர்களுடைய உடல் ஓய்விலே செலவிடும் சத்தி, எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. இழந்த எடை மீண்டும் ஏறுதலை மனத்தின் இழுக்கென்று மட்டுங் கொண்டு பழித்தல், வெள்ளத்தை எதிர்த்து நீந்துவோன் களைத்தானென்று நகைப்பதை ஒக்கும். பழிப்பு எவரையும் மெலியச் செய்ததில்லை; மறைவில் உண்ணப் பழக்கியதுண்டு.

இனி, உளநூலார் கூறுவனவற்றை நோக்குவாம். மனவலிமை ஒரு கலத்தில் நிறைந்த நீர்போன்றது, செலவிடச் செலவிடக் குறைவது என்னும் கொள்கை 1998இல் றோய் போமைஸ்ரர் முதலியோர் செய்த பரிசோதனையாற் பெயர்பெற்றது. எதிரே சொக்கிலேற்றுப் பண்டம் இருக்க முள்ளங்கியை மட்டும் உண்ணப் பணிக்கப்பட்டோர், பின்னர் அளிக்கப்பட்ட புதிர்களை விரைவிற் கைவிட்டனர் என்பது அவர் கண்ட முடிவு. கேட்டற்கு இனிதாகிய இக்கொள்கையை 2016இல் 23 ஆய்வுகூடங்கள் 2,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு மீளச் சோதித்தபோது, அத்தகைய விளைவு காணப்பெற்றிலது. ஆகலின், "என் மனவலிமை இன்று தீர்ந்துவிட்டது" என்று மாலையில் வடைத்தட்டை நாடுவோர்க்கு விஞ்ஞானத்தின் துணை இப்பொழுது அத்துணை உறுதியாயில்லை.

அவ்வாறாயின் யாது செய்தல் வேண்டும்? 1890இல் வெளிவந்த தம் உளநூலில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் புதுப்பழக்கம் கொள்வார்க்குச் சில விதிகளை வகுத்தார். வலிய தொடக்கத்தோடு புகுதல் வேண்டும். பழக்கம் வேரூன்றும்வரை ஒருமுறையேனும் தவறலாகாது. செய்வதற்குக் கிடைக்கும் முதற் சந்தர்ப்பத்தையே பற்றிக்கொள்ளல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இவற்றுள் இறுதி விதியின் சிறப்பைப் பீற்றர் கொல்விற்சர் என்னும் உளநூலார் 1999இல் விரிவாக விளக்கினார்: "செய்வேன்" என்னும் எண்ணம் ஒன்று, "இன்ன வேளை, இன்ன இடத்தில், இன்னவாறு செய்வேன்" என்னும் துணிபு வேறொன்று. இங்கிலாந்திலே பல்கலைக்கழக மாணவர் 248 பேரைக்கொண்டு 2002இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியொன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். ஒரு குழுவினர் நவீனமொன்றின் சில பந்திகளை வாசித்தனர். இரண்டாங் குழுவினர் இருதய நோயின் கொடுமையையும் உடற்பயிற்சியின் பயனையும் வாசித்தனர். மூன்றாங் குழுவினர் அதனை வாசித்ததோடு, அடுத்த வாரத்தில் எந்நாள், எவ்வேளை, எவ்விடத்தில் 20 நிமிடப் பயிற்சி செய்வர் என்பதையும் எழுதினர். அவ்வாறு பயிற்சி செய்தோர் முதற்குழுவில் நூற்றுக்கு 38, இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. அச்சமூட்டிய போதனை, நவீனம் வாசித்ததைவிட அதிகமாக எதனையுஞ் செய்துவிடவில்லை! ஒரு வாரத்து ஒருநாட் பயிற்சி சிறிதேயென்பதும், பிற ஆராய்ச்சிகளில் வேறுபாடு இத்துணைப் பெரிதாயிருந்திலது என்பதும் உண்மையே. எனினும் போதனை செய்யும் தொழிலினரான எம் போன்றார்க்கு இவ்வெண்கள் அடக்கத்தைக் கற்பிப்பன.

ஜேம்ஸ் வகுத்த இரண்டாம் விதியோ நிலைபெறவில்லை. இலண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. ஒரு செயல் தன்னியல்பாய் நிகழும் பழக்கமாதற்குச் சராசரி 66 நாள் சென்றது. சிலர்க்கு 18 நாளே போதுமாயிருக்க, வேறு சிலர்க்கு 254 நாள்வரை வேண்டுமெனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியமை பழக்கம் உருவாதலைக் கெடுக்கவில்லை. தவறலாகாது என்னும் கடுமையே பன்முறை கேடு விளைப்பது. 1975இல் ஹேமன், மாக் என்னும் இருவர் செய்த பரிசோதனையில், எந்நேரமும் உணவைக் கட்டுப்படுத்தி வந்தோர் பாற்பானமொன்றைக் குடித்தபின் ஐஸ்கிறீமைக் குறைவாக உண்ணவில்லை, கூடுதலாகவே உண்டனர். நனைந்தபின் முக்காடு எதற்கு என்னும் நம் ஊர்ப் பேச்சு இம்மனநிலையையே கூறுகின்றது. திருமண வீட்டில் ஓர் இலட்டுத் தின்றவன், நோன்பு கெட்டதென்று எண்ணி நான்காவது இலட்டையும் எடுக்கின்றான். கெடுத்தது முதலாவது இலட்டன்று.

நம் சமயவொழுக்கத்தில் இவ்வுண்மைகள் சில நெடுங்காலமாக வழக்கிலுள்ளன. கந்தசட்டியில் ஆறு நாளும் நீரோ பாலோ பழமோ கொண்டு விரதமிருக்கும் இல்லத்தரசியார், அடுத்த திங்களில் வைத்தியர் கூறும் ஒரு பிடி சோற்றுக் குறைப்பை ஒரு வாரமுங் காக்க இயலாது வருந்துவதை நாம் காண்கிறோம். அவரிடத்தே திட்பமில்லை என்று கூறுதல் நகைப்பிற்கிடம். விரதத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நாள் முன்னரே குறிக்கப்பட்டுளது. அடுக்களை கழுவப்பட்டு மச்சப்பாத்திரங்கள் அகற்றப்படுகின்றன. கோயிலில் உடன் நோற்பார் நூற்றுவர் உளர். விரதகாரரை உண்ணுமாறு எவரும் வற்புறுத்தார். பாறணை முடிந்த மறுநாள் இத்துணைகளெல்லாம் ஒருங்கே நீங்குகின்றன. வைத்தியர் கூறிய குறைப்பிற்கோ இவற்றுள் ஒன்றேனுமில்லை, மாறாக, "இன்னும் ஓர் அகப்பை போடட்டுமா?" என்னும் அன்பே எதிர்நிற்கின்றது. பூசைத் தொடக்கத்திற் செய்யப்படும் சங்கற்பத்தையும் எண்ணுக. ஆண்டு, அயனம், இருது, மாதம், பக்கம், திதி, வாரம், இடம், செய்வோன், செயல் ஆகிய யாவும் அதிற் கூறப்படுகின்றன. "நல்லது செய்வேன்" என்று பொதுவாகச் சொல்லி எவரும் பூசை தொடங்குவதில்லை. சங்கற்பத்தின் நோக்கம் வேறு. கொல்விற்சர் ஆராய்ந்தது வேறு. ஆயினும் காலமும் இடமும் செயலும் பெயர்பெற்றாலன்றி எண்ணம் கருமமாகாது என்பதில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. "வருகிற திங்கட்கிழமை தொட்டு மெலிவேன்" என்பதில் நாள் ஒன்று உண்டு. செயல் ஒன்றும் இல்லை.

இலக்கு யாதென்பதிலும் மனம் எளிதில் ஏமாறும். 20 கிலோகிராம் குறைப்பேன் என்று தொடங்குவோன் மூன்றாந் திங்களில் 4 கிலோகிராம் குறைந்திருக்கக் கண்டு தோற்றேன் என்கின்றான். அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரைக்கொண்டு நடத்தப்பெற்று 2002இல் வெளிவந்த ஆராய்ச்சியிலே, ஒரு குழுவினர்க்கு வைத்த இலக்கு எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்தலும் வாரத்திற்கு 150 நிமிடம் நடத்தலுமேயாம். அக்குழுவில் நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது; மெற்போமின் மருந்து உண்டோரிலோ 31 பங்கே குறைந்தது. சென்னையில் இராமச்சந்திரன் என்னும் வைத்தியர் தலைமையில் 531 பேரிடையே நடந்து 2006இல் வெளியான ஆராய்ச்சியில், எடை பெரிதும் குறையாதிருந்தும், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடத்தே நோய் நூற்றுக்கு 28½ பங்கு குறைவாகத் தோன்றிற்று. 80 கிலோகிராம் உடையார்க்கு 7 பங்கென்பது 5½ கிலோகிராமே. தராசு அசையாத வாரங்களிலும் உள்ளே நன்மை நிகழ்கின்றது என்பதை அறிந்தவன் தராசைக் கண்டு மனமுடையான்.

இலண்டன் பஸ் வண்டிகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஜெரமி மொரிஸ் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடியாகும். இருந்தபடி வண்டி செலுத்திய சாரதிகளைவிட, இருதட்டு வண்டியிலே நாளொன்றுக்கு 500க்கு மேற்பட்ட படிகள் ஏறியிறங்கிய நடத்துநர்க்கு இருதய நோய் குறைவாயிருந்தது. சாரதிகள் பருத்தவர் என்பதனாலோ என்று ஐயுற்று, அவர்களுக்கு அளிக்கப்பட்ட சீருடைக் காற்சட்டைகளின் இடையளவுகளை அவர் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். சாரதிகளின் இடை அகன்றதே; ஆயின் வேறுபாடு முழுவதையும் இடையளவு விளக்கவில்லை. அந்நடத்துநர் எவரும் உடற்பயிற்சி செய்யத் திட்பங்கொண்டவரல்லர். சீட்டுக் கிழித்தார்கள், அவ்வளவே. நம் ஊரிலும் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்கும் சந்தைக்கும் சென்ற காலத்தில் எவரும் நடைக்கென்று தனி வேளை ஒதுக்கியதில்லை. மோட்டார்ச் சைக்கிள் வந்தபின் அவ்வியக்கம் வாழ்விலிருந்து கழன்றது. இன்று அதனை மனத்தால் மீளக் கூட்டவேண்டியிருக்கிறது. அரை மைற் தொலைவிலுள்ள கடைக்கு நடந்து செல்வதென ஒருமுறை முடிவு செய்துவிட்டால், நாடோறும் மனத்தோடு வழக்காடவேண்டுவதில்லை. சீனியும் அத்தகையதே. நாளுக்கு மூன்று தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 180 கலோரியாயிற்று. முக்கால் மணி நேர நடையின் செலவு ஏறத்தாழ அதுவே. சீனிப் போத்தலை மேசையிலிருந்து அலுமாரிக்கு மாற்றுதல் சிறு செயல், நடப்பதைவிட எளிது.

இக்காலத்தில் பசியை அடக்கும் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. செமகுளுற்றைட் என்னும் மருந்தை 68 வாரம் பெற்றோர் தம் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு இழந்தனர் என்று 2021இல் வெளியான ஆராய்ச்சி கூறும். மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றிலிரு பங்கு திரும்பிற்று. பசி மனத்தின் குற்றமன்று, உடலின் கட்டளை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. வைத்தியர் இன்றியமையாததெனக் கருதுவார்க்கு அதனைக் கொள்வது இழுக்குமன்று, விலையே பெருந்தடை.

இதனை எழுதுவோன் தமையனாரின் கால் போன பின்னர் மும்முறை தொடங்கி மும்முறையும் கைவிட்டவன். நான்காம் முறை, "செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு, காலை 5.30, கோயில் வெளிவீதி, எட்டுச் சுற்று" என்று கடதாசியில் எழுதி அரிசிப் பெட்டியின் மூடியில் ஒட்டினேன். தேநீருக்கு அரைக் கரண்டிச் சீனி. இரவிற் சோற்றிற்குப் பதில் ஒரு பிடி பிட்டும் கறியும். பதினான்கு திங்களில் 81 கிலோகிராம் 75 ஆயிற்று; தைப்பொங்கலும் இரு திருமணங்களும் வந்து போக 77 ஆயிற்று; இதனை எழுதும்போது 76. மழை நாள்களில் தவறியதுண்டு. தமையனார் செயற்கைக்காலுடன் வந்து தேர்முட்டிப் படியில் அமர்ந்து, யான் சுற்றும் சுற்றுக்களை விரல் மடித்து எண்ணுகின்றார். ஏழாஞ் சுற்றில் யான் நின்று, "எட்டாயிற்றல்லவா, அண்ணை?" என்று கேட்டால், அவர் எப்போதும் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டுவார்.